காட்டு வழியில் மூன்று நாள்: மாங்குளத்திலிருந்து இரணைமடு வரை சைக்கிளில்

சைக்கிளில் ஊர் பார்ப்பது என்றால் இலங்கையில் எல்லோரும் மலைநாட்டைத்தான் சொல்வார்கள். நுவரெலியா, எல்ல, நக்கிள்ஸ் மலைத்தொடர் என்று வெளிநாட்டவர்கள் கியர் சைக்கிள்களில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஏறி இறங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் வரையும் வருகிறார்கள். வவுனியா தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே மிதியாக மிதித்துப் போய்விடுகிறார்கள். வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது, வெறும் காடுதானே என்ற எண்ணம் அவர்களுக்கு மட்டுமல்ல, எங்களவர்களுக்கும் உண்டு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மறுபடி பஸ்ஸில் ஏறினால், அடுத்ததாகக் கண் விழிப்பது ஆனையிறவில்தான்.

அந்த வெறும் காட்டுக்குள்ளால் சென்ற ஆனி மாதம் நாங்கள் நான்கு பெண்கள் மூன்று நாள் சைக்கிள் ஓடினோம். நான் சமூகப் பணியாளர். கிராமங்களில் உள்ள மாதர் சங்கங்களுக்குப் போய்வருவது எனது வேலை. வழமையாக மோட்டார் சைக்கிளில் போய், கூட்டம் முடித்து, இருட்டுமுன் திரும்பிவிடுவேன். என்னோடு வந்தவர்கள் சங்கத்து அக்காமார் இருவரும், அவர்களில் ஒருவரின் மகளும். மகள் உயர்தரம் படிக்கிறாள். நான்கு சைக்கிள்களில் இரண்டு பழைய லுமாலா. கியர் ஒன்றிலும் இல்லை.

வன்னியில் மலை இல்லை. வவுனியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஆனையிறவு வரை நிலம் மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. கண்ணுக்கு அது தெரியாது, காலுக்குத்தான் தெரியும். அந்தச் சரிவில் இறங்குகிற ஆறுகளை மறித்துத்தான் எங்கள் குளங்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு, பாலியாறு வவுனிக்குளத்துக்கு, பேராறு முத்தையன்கட்டுக்கு. எனவே ஏற்றம் என்று சொல்ல இங்கே இருப்பது குளக்கட்டு ஒன்றுதான். அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பி வருகிறவர் பாடு சீற்றில் இருக்க முடியாத பாடு. இதைக் கணக்குப் பார்த்துத்தான் மாங்குளத்தில் தொடங்குவது என்று தீர்மானித்தோம்.

வெளியூர்ச் சகோதரிகள் பலர், “பெண்பிள்ளைகள் தனியாகச் சைக்கிளிலா?” என்று கேட்டார்கள். வடபகுதியில் இது புதினமே அல்ல. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியதைச் சமூகவியல் படித்த காலத்தில் வாசித்திருக்கிறேன். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்காரப் பெண்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். எங்களுக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. பொருளாதாரத் தடைதான் பழக்கியது. 1990இன் பின் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், அதற்கும் வசதி வேண்டும். மற்ற எல்லோருக்கும் சைக்கிள்தான் பஸ், அம்புலன்ஸ், லொறி எல்லாம். றேடியோவில் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றியது எனக்கு நல்ல ஞாபகம். நான் சுற்றுவேன், மாமா கேட்பார், செய்தி முடியுமுன் எனக்குக் கை சோர்ந்துவிடும். 1995 இடப்பெயர்வில் எனக்கு ஏழு வயது. அம்மாவின் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டைக்கு மேலே இருந்துதான் வலிகாமத்தைவிட்டு வந்தேன். பிறகு கிளாலியில் எங்களோடு சைக்கிளும் படகேறியது.

2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது கொழும்பில் பலர் சைக்கிள் வாங்க ஓடினார்கள். சைக்கிள் விலை எங்கோ போயிற்று. வன்னியில் அப்படி ஒரு பரபரப்பைக் காணவில்லை. கொட்டிலுக்குள் கிடந்ததை எடுத்துத் துடைத்து எண்ணெய் விட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் மாங்குளத்திலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். இன்னும் வெள்ளனப் போயிருந்தால் வெயிலுக்குத் தப்பலாம். ஆனால் யானை காட்டுக்குள் திரும்புகிற நேரம் அது. முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பழைய ஆட்கள் 30 மைல் என்பார்கள். ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு தாண்டி ஒட்டுசுட்டான் வரும்போது பாதி வழி முடிந்துவிடும். வீதி இப்போது நல்ல தார் வீதி. இரண்டு பக்கமும் பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. ஆனியில் பாலை பழுத்திருக்கும். தெருவோரத்தில் சிறுவர்கள் சுண்டில் அளந்து விற்கிறார்கள். நாங்களும் வாங்கிச் சாப்பிட்டு, பால் ஒட்டிய உதட்டோடு அரை மணித்தியாலம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடினோம்.

யானையைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனம் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், ஒதுங்கிவிடும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. வளைவில் திடீரென்று எதிரே போய் நின்றால் அது வெருண்டுவிடும், ஆபத்து அங்கேதான். ஆகவே காட்டு வழியில் கதைத்துக்கொண்டு ஓட வேண்டும், வளைவுகளில் மணி அடிக்க வேண்டும். வீதியில் கிடக்கும் லத்தி ஈரமாக இருந்தால் நின்றுவிட வேண்டும். எங்களில் மூத்த அக்கா இரண்டு இடத்தில் இறங்கி, லத்தியைப் பார்த்து, முறிந்த கொப்பைத் தொட்டுப் பார்த்து, “இது ராத்திரியான், வாங்கோ” என்றார். மலைநாட்டுச் சைக்கிள்காரர்கள் வரைபடத்தைப் பார்ப்பது போல எங்கள் ஆட்கள் இதைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, வழியைவிட்டு விலகக் கூடாது. போர் முடிந்த 2009இன் பின் கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியெங்கும் நடந்தது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள், அதிலும் பலர் கணவனை இழந்து குடும்பத்தைத் தலையில் சுமப்பவர்கள். முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி அவர்கள் திறந்துவிட்ட நிலத்தில்தான் இன்று வயல் விதைக்கிறோம். ஆனாலும் சிவப்புப் பலகையில் மண்டையோட்டைக் கண்டால் அப்பால் போகக் கூடாது. படம் எடுக்கவும் போகக் கூடாது.

கரிப்பட்டமுறிப்புக்கு இந்தப் பக்கம் ஓரிடத்தில் இளைய அக்கா சைக்கிளை நிறுத்தினார். காட்டுக்குள் கையை நீட்டி, “அங்கை தென்னை தெரியுதே?” என்று கேட்டார். பார்த்தேன். பாலைக்கும் வீரைக்கும் நடுவே மூன்று தென்னைகளின் வட்டுகள் தெரிந்தன. தென்னை தானாகக் காட்டில் முளைப்பதில்லை. அது ஒரு வளவு. உள்ளே கிணறு இருக்கும், வாசலில் தேசியோ மாதுளையோ நின்றிருக்கும். அவருடைய மாமியாரின் காணி அது. இடப்பெயர்ந்து போய் வருடங்கள் கழித்துத் திரும்பியபோது கொத்திப் பயிர் செய்த நிலம் காடாகிக் கிடந்தது. காடாகக் கிடந்ததால் காடு என்றே குறித்து எல்லைக்கல் போட்டாயிற்று. உறுதி தொலைந்துவிட்டது. ஆள் இருக்கிறார், தென்னை சாட்சிக்கு நிற்கிறது, கடிதாசி இல்லை.

நான் காட்டை நேசிக்கிறவள்தான். வன்னிக் காடு அழியக் கூடாது, முதிரையும் பாலையும் இரவோடு இரவாக லொறியேறுவதை நிறுத்தவேண்டும் என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால் வீதியில் போகிற நாங்கள் பச்சை என்று பார்த்து மகிழ்கிற எல்லாமே ஆதிகாலத்துக் காடு அல்ல. முப்பது வருடக் காடு எது, முந்நூறு வருடக் காடு எது என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அளக்க வருகிறவர்கள் அவர்களைக் கேட்பதில்லை.

மத்தியானத்துக்கு முன் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறி, முத்தையன்கட்டுப் பக்கம் திரும்பினோம். குளத்துக்குப் போகிற வழியில் நிழலும் குளிர்ச்சியும் அதிகம். வாய்க்கால் ஓரம் முழுக்க மருதமரம். கீழே சிறுபோக நெல் பச்சையாக நின்றது. குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினோம். மேலே போனதும் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், தூரத்தில் காடு மூன்று பக்கமும் வளைந்து நிற்கிறது. இதற்குப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தாலும் பொருந்தும்.

அன்றிரவு குளத்துக்கு அருகே சங்கத்து உறுப்பினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். சிவத்தப் பச்சையரிசிச் சோறு, குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் கதை வந்தது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை சாதாரணதரப் பரீட்சையில் நன்றாகச் செய்தவள். உயர்தரம் படிக்க ஒவ்வொரு நாளும் காட்டுவழியால் பிரதான வீதிக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும். பஸ் எப்போதும் நிற்பதில்லை. சீசன் ரிக்கற் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் சில சாரதிகளுக்குக் கண் தெரியாது. பஸ் போய்விட்டால் முழுத் தூரமும் சைக்கிள். காலையில் யானை, பின்னேரம் யானை, இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளில் உரசிக்கொண்டு போகிற பெடியன்கள்.

ஆகவே தாய் தினமும் மகளோடு தன் சைக்கிளில் வீதிவரை போகிறார், திரும்புகிறார், பின்னேரம் மறுபடி போய்க் கூட்டிவருகிறார். நாளுக்கு நான்கு ஓட்டம். அதனால் கூலி வேலைக்கு நாள் முழுக்க நிற்க முடியாது. அரைநாட் கூலிதான். பக்கத்து வளவில் இதே வயதில் இன்னொரு பிள்ளை. அவளுக்குக் கூடப்போக ஆள் இல்லை. படிப்பை நிறுத்தி, இப்போது கல்யாணம் பேசுகிறார்கள். எங்களோடு வந்த மகள் அந்தப் பிள்ளையோடு இரவு வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தாள். காலையில் என்னிடம், “அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து போனால் அவளின்ர அம்மா கொண்டுபோய்விடத் தேவையில்லைத்தானே?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளையிடம் சைக்கிள் இருக்கிறதா என்று விசாரித்தோம். இருந்தது. பின் ரயர் வெடித்து, றிம் வளைந்து, ஒரு வருடமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நாங்கள் கொண்டுபோன பெட்டியில் ரியூப் ஒட்டும் சொலூசன், ரப்பர் துண்டு, ஸ்பனர், பம் இருந்தன. றிம்மை நிமிர்த்த அது போதாது. அந்தச் சில்லைக் கழற்றி என் கரியரில் கட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கற்சிலைமடு. தெருவோரத்திலேயே பண்டாரவன்னியனின் நினைவிடம். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்று வெள்ளையர் கல் நாட்டிய ஊர் இது. வென்றவன் நாட்டிய கல்லால் தோற்றவனின் பெயர் இருநூறு வருடம் கடந்து வந்திருக்கிறது. மூத்த அக்காவுக்கு இந்த வரலாற்றைவிட அருகில் இருந்த பிளேன்ரீக் கடையில்தான் அக்கறை. வெயில் அப்படி.

முள்ளியவளை, தண்ணீரூற்று தாண்டினால் காடு விலகி வெளி வந்துவிடுகிறது. முள்ளியவளைக் கடையொன்றில் றிம்மைக் கொடுத்தோம். கடைக்கார ஐயா சில்லைச் சுற்றிப் பார்த்து, “இதைவிட வளைஞ்சதெல்லாம் அந்த நாளையில ஓடினது” என்று சொல்லி, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கி ஒரு மணித்தியாலத்தில் நேராக்கினார். ரயர் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. நால்வரும் பங்கு போட்டோம். ஒட்டுசுட்டான் பக்கம் போகிற பஸ்ஸில் தெரிந்த நடத்துனரிடம் சில்லு ஏற்றப்பட்டது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கோயில். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகிற பாதயாத்திரைக்காரர்கள் இங்கே தரித்துத்தான் கிழக்குக்கு நடக்கிறார்கள். நாங்கள் போனபோது பொங்கல் கூட்டம் கலைந்துவிட்டது. நந்திக்கடல் ஓரம் காற்று மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வீதி. வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது நால்வரும் கதைக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் சனங்கள் கையில் எடுத்ததையும் விட்டு இந்தத் தண்ணீரைக் கடந்து வந்தபோது, அந்தக் கரையில் விடப்பட்ட பொருட்களில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் இருந்தன. பிறகு நீண்டகாலம் அவை மலைபோலக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. படங்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வொன்றின் கரியரிலும் ஒரு வீட்டின் மிச்சம் கட்டப்பட்டிருந்தது. இளைய அக்காவின் சைக்கிளும் அதற்குள் ஒன்று. சிவப்பு நிறம், மணியில் மகனின் பெயரைச் சுரண்டி எழுதியிருந்தாராம். இதைச் சொன்னது பாலத்தில் அல்ல, புதுக்குடியிருப்புக்குக் கிட்ட வந்த பிறகு. மகனைப் பற்றி அவர் மேலே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் இப்போது ஓடுவது மீள்குடியேற்றத்தின்போது கிடைத்தது. அக்காலத்தில் வடக்கில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு இந்திய அரசு 10,000 சைக்கிள்களை வழங்கியது. வீடு வருமுன் சைக்கிள் வந்தது என்று பலர் சொல்வார்கள். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் புதுச் சைக்கிள் நின்ற காட்சி அந்த வருடங்களில் எங்கும் உண்டு.

புதுக்குடியிருப்பிலிருந்து சோழகம் முகத்தில் அடிக்கத் தொடங்கியது. விசுவமடுவில் கச்சான் தோட்டம் செய்யும் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டு நின்றோம். கச்சான் கொடியைப் பிடுங்கிக்கொண்டே பேசினார். வாரக் கடன் மூன்று இடத்தில். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுத்தபோது இவருடைய ஒரு கடன் போயிற்று. பிறகு எடுத்தவைதான் இவை. சேர்க்கிறவர் வருகிற நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்கு விறகுக்குப் போய்விடுவாராம். “காட்டுக்க யானை நிக்கும் எண்டு பயமில்லையோ?” என்று மகள் கேட்டாள். “யானை வட்டி கேக்காது பிள்ளை” என்றார் அவர். சிரித்தோம். அவருடைய கடன் புத்தகங்களின் விபரத்தை எழுதிக்கொண்டேன். கடன் ஆலோசனைக்கு அடுத்த கிழமை வரச்சொல்லியிருக்கிறேன்.

அங்கிருந்து பிரதான வீதியை விட்டு இராமநாதபுரம், வட்டக்கச்சிப் பக்கமாக வந்தோம். காற்றுக்கு மறைப்பாக மாவும் தென்னையும் இருக்கும் குடியேற்றக் கிராமங்கள். இரணைமடுக் கட்டில் ஏறியபோது நாலரை மணி. மாரியில் இந்தக் குளம் வேறு முகம் காட்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கதவுகள் எல்லாம் திறந்து, கீழே ஊர்கள் மூழ்கின. ஆனியில் அது சாது. நீர்க்காகங்கள் பட்டமரங்களில் சிறகு காயப்போட்டிருந்தன.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விபரம். ஆனி, ஆடியில் போவதானால் மாங்குளத்திலிருந்து கிழக்கே போங்கள், எதிர்ப்பக்கம் வேண்டாம். மாரியில் காட்டு வழிகள் சகதி. காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ஓடாதீர்கள். ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர், மேலதிக ரியூப் ஒன்று. விடுதி தேடி அலையாமல் அந்தந்த ஊர் மாதர் சங்கத்தோடு முன்கூட்டியே பேசுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நியாயமான காசு கொடுங்கள். அன்பளிப்பு என்று சொல்லிக் கையில் திணிக்காமல், விலை கேட்டுக் கொடுங்கள். “வந்து படம் எடுத்துக்கொண்டு போவினம், எங்களுக்கு என்ன?” என்று முத்தையன்கட்டில் அந்தத் தாய் கேட்டார். ஒரு கிழமையில் நான்கு பேருக்குச் சமைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று அன்றிரவே கொப்பித் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் இழக்கிற அரைநாட் கூலியில் பெரும்பகுதி அதில் வந்துவிடுகிறது.

சில்லு போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து போகிறார்கள். பக்கத்து வளவுப் பிள்ளையின் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டதா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.